இலவசம்தான், ஆனா கைமாத்தக் கூடாது: லினக்ஸுக்கு ஜாவா வந்த கதை

இன்னைக்கு உபுண்டுலயோ டெபியன்லயோ ஒரே ஒரு கட்டளை தட்டினா போதும், ஜாவா இறங்கிடும். 2005-ல இது நடக்காத காரியம். ஏன்னு பார்ப்போம்.

1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டது. காசு கிடையாது, யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம். ஆனா இறக்கினதை அடுத்தவங்களுக்கு விநியோகிக்கிற உரிமையை சன் தன் கையிலேயே வைத்திருந்தது. லினக்ஸ் விநியோகங்களோட வேலையே, ஆயிரக்கணக்கான மென்பொருட்களை ஒன்றோடொன்று பொருந்துற மாதிரி பேக்கேஜ் ஆக்கி, மிரர் சர்வர்கள் வழியா எல்லாருக்கும் கொடுக்கிறதுதான். கைமாத்த உரிமை இல்லைன்னா அந்த வேலை அங்கேயே நின்னுடும்.

அதனால டெபியன்காரங்க ஒரு சுற்றுவழி பிடிச்சாங்க. நீங்களே சன் தளத்துக்குப் போய், நிபந்தனைகளை ஏத்துக்கிட்டு, கோப்பை இறக்கணும். அதை உங்க கணினியிலேயே டெபியன் பேக்கேஜா மாத்துற கருவியை மட்டும் அவங்க கொடுத்தாங்க. சமையல் குறிப்பு நாங்க தரோம், அரிசியை நீங்க வாங்கிக்கோங்கன்னு சொல்ற மாதிரி! இன்னொரு பக்கம் குனூ கிளாஸ்பாத் குழு, ஜாவாவோட நூலகங்களை முதல்ல இருந்து தாங்களே எழுதிக்கிட்டிருந்தது.

2006 மே மாதம் சன் கொஞ்சம் இறங்கி வந்தது. லினக்ஸ் விநியோகங்களுக்கென்றே ஒரு தனி உரிமம் கொடுத்தது. ஆனாலும் அது கட்டற்ற மென்பொருள் ஆகலை. டெபியன் அதைத் தன் முதன்மைத் தொகுப்புக்கு வெளியேதான் வைத்தது. அதே வருஷம் நவம்பர் 13 அன்று பெரிய அறிவிப்பு வந்தது: ஜாவா இனி ஜிபிஎல் உரிமத்தில்!

2007 மே மாதம் ஓபன்ஜேடிகே என்ற பெயரில் மூலநிரல் வெளியானது. அதிலும் ஓட்டைகள் இருந்தன. எழுத்துரு, ஒலி சம்பந்தப்பட்ட சில பகுதிகள் வேறு நிறுவனங்களுக்குச் சொந்தம். ரெட் ஹாட் தொடங்கிய ஐஸ்டீ திட்டம், கிளாஸ்பாத் நிரலையும் வைத்து அந்த ஓட்டைகளை அடைத்தது. 2008 ஜூனில், ஃபெடோரா 9-ல் இருந்த அந்த ஜாவா அதிகாரபூர்வ இணக்கச் சோதனையில் தேறியது.

எனக்கு முக்கியமாப் படுறது இதுக்கு அப்புறம் நடந்ததுதான். 2010-ல் ஆரக்கிள் சன்னை வாங்கியது. அடுத்த வருஷமே, 2006-ல் கொடுத்த அந்தத் தனி உரிமத்தை முடிச்சு வைத்தது. பழைய சன் ஜாவா பேக்கேஜ்களை உபுண்டு நீக்க வேண்டியதாயிற்று. ஆனா லினக்ஸ்ல ஜாவா நின்னுபோகலை, ஏன்னா ஓபன்ஜேடிகே இருந்தது. ஜிபிஎல்-ல் ஒருமுறை கொடுத்த நிரலைத் திரும்ப வாங்க முடியாது.

ரெண்டுமே அதே 2006-ல் அறிவிச்சதுதான். ஒன்னு அனுமதி, கொடுத்தவங்க மனசு மாறினா போயிடும். இன்னொன்னு உரிமை. இன்னைக்கு நீங்க தட்டுற அந்த ஒரு வரிக் கட்டளை வேலை செய்யுறது அதனாலதான்.