ஜிடிபி 4.17 பின்னடைவு வழு

முந்தைய பதிப்பில் சரியாக இயங்கிய ஒரு வசதி புதிய பதிப்பில் இயங்காமல் போனால் அதைப் பின்னடைவு வழு என்பர். ஜிடிபி என்னும் வழுநீக்கியின் 4.17 பதிப்பில் தோன்றிய வழு இவ்வகையில் புகழ்பெற்றது. மாறியது ஒரே ஒரு வரிதான். அதைத் தேடியபோது ஒரு புதிய முறையே பிறந்தது.

பின்னணி

குனூ திட்டத்துக்காக ரிச்சர்டு ஸ்டால்மன் 1986இல் ஜிடிபியை எழுதினார். ஓடும் நிரலை இடையில் நிறுத்தி, மாறிகளின் மதிப்புகளைப் பார்க்க இது உதவும். இதைக் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே இயக்க வேண்டும். இதற்குச் சாளரங்களும் பொத்தான்களும் கொண்ட முகப்பாக டிடிடி உருவானது. டிடிடி, ஜிடிபிக்குக் கட்டளை அனுப்பி, அது தரும் விடையைப் படித்துச் செயல்படும்.

சிக்கல்

ஒரு நிரலைத் தொடங்கும்போது, எந்தக் கோப்பைத் திறப்பது போன்ற விவரங்களை அதற்குக் கொடுப்பதுண்டு. ஜிடிபி 4.16இலிருந்து 4.17க்கு மாறியதும், டிடிடியில் கொடுத்த இவ்விவரங்கள் நிரலுக்குப் போய்ச் சேரவில்லை. இரு பதிப்புகளுக்கும் இடையே 1,78,000 வரிகள் மாறியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பது நடக்கக்கூடிய செயலன்று.

தேடிய முறை

டிடிடியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜெர்மானியக் கணினி அறிவியலாளர் ஆண்ட்ரியாஸ் செல்லர், அந்த மாற்றங்களை 8,721 துண்டுகளாகப் பிரித்தார். பாதித் துண்டுகளை மட்டும் பழைய மூலநிரலில் சேர்த்துச் சோதிக்கலாம். வழு தோன்றினால் அது அந்தப் பாதியில் இருக்கிறது, இல்லையேல் மறுபாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 14 சோதனைகளே போதும்.

ஆனால் நடைமுறையில் ஒரு தடை இருந்தது. ஒரு மாற்றம் இன்னொன்றைச் சார்ந்திருக்கும். பாதியை மட்டும் சேர்த்தால் நிரல் தொகுக்கப்படாமலே போகலாம். ஆகவே சோதனைக்கு ‘சரி’, ‘தவறு’ என்பவற்றோடு ‘முடிவு தெரியவில்லை’ என்ற மூன்றாவது விடையும் தேவைப்பட்டது. அவ்விடை வரும்போது மாற்றங்களை இன்னும் சிறு குழுக்களாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். இவ்வேலையைக் கணினியே செய்யும்படி செல்லர் அமைத்தார். இதுவே டெல்டா வழுநீக்கம் எனப்படுகிறது.

கண்டறிந்தது

குற்றவாளி ஒரு விளக்கச் சொற்றொடர். ‘ஆர்கியுமென்ட்ஸ்’ என்றிருந்த சொல்லை ‘ஆர்கியுமென்ட் லிஸ்ட்’ என்று யாரோ திருத்தியிருந்தனர். படிக்கும் மனிதருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பழைய சொல்லையே எதிர்பார்த்த டிடிடிக்கு ஜிடிபியின் விடை விளங்கவில்லை.

தாக்கம்

செல்லர் இதை 1999இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 2009இல் அக்கட்டுரை ஏசிஎம் சிக்சாஃப்ட் அமைப்பின் தாக்க விருதைப் பெற்றது. இன்று ஜிடிபியில் பிற நிரல்கள் படிப்பதற்கென்றே எம்ஐ என்ற தனி இடைமுகம் உள்ளது. மனிதருக்காக எழுதிய வாசகத்தைத் திருத்தினாலும் பிற நிரல்கள் பழுதாகாதிருக்க இத்தகைய பிரிவு உதவுகிறது.