ஊர்தி உட்கூரைத் துணி

ஊர்தி உட்கூரைத் துணி என்பது மகிழுந்து, சிற்றுந்து, வீட்டூர்தி முதலியவற்றின் கூரைத் தகட்டுக்கு உட்புறமாக, பயணிகளின் தலைக்கு மேல் பொருத்தப்படும் உறை ஆகும். வெயிலின் வெப்பத்தையும் மழை விழும் ஓசையையும் குறைப்பது, கூரைச் சட்டங்களையும் மின்கம்பிகளையும் மறைப்பது, தலை மோதினால் அடியைத் தணிப்பது ஆகியவை இதன் பணிகள். ஊர்திக்குப் பல ஆண்டுகள் ஆனபின் இத்துணி பிடிப்பை இழந்து, பை போலக் கீழே தொங்கத் தொடங்கும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்திருக்கும் கடற்கரை ஊர்களில் இப்பழுது விரைவில் தோன்றுகின்றது. பொறிக்கு இதனால் கேடு இல்லை என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. எனினும், தொங்கும் துணி பின்புறக் காட்சியை மறைக்கக்கூடும். வீட்டூர்திகளில் இது கூரை ஒழுக்கின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

பெயர்

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது ரூஃப் லைனிங், டாப் லைனிங் அல்லது வெறுமனே ரூஃப் துணி எனப்படும். இருக்கை உறை தைக்கும் குஷன் கடைகளே பெரும்பாலும் இவ்வேலையையும் செய்கின்றன. கூரையின் அடியில் கட்டப்படும் துணிக்கு மேற்கட்டி, விதானம் என்னும் பழைய சொற்கள் தமிழில் உண்டு. ஊர்தித் தொழிலில் இவை வழங்கவில்லை என்றாலும், பொருளால் இவையே மிக நெருங்கியவை. மூங்கிற் பாயை வளைத்துக் கூடு கட்டி உட்புறம் துணி வைத்துத் தைத்த வில்வண்டிகளை இதன் நாட்டு முன்னோடியாகக் கொள்ளலாம்.

அமைப்பு

உட்கூரை உறைகள் பொருத்தப்படும் முறையை ஒட்டி மூன்று வகைப்படும். பழுதுபார்க்கும் வழி வகைக்கு வகை வேறுபடுவதால், எந்த வகை என்று அறிவதே முதல் வேலை.

முதலாவது, கம்பியில் தொங்கும் வகை. துணியின் மேற்புறத்தில் குறுக்காகத் தைத்த குழல் போன்ற மடிப்புகளினூடே வளைந்த எஃகுக் கம்பிகள் செல்லும். கம்பிகளின் முனைகள் கூரையின் இரு ஓரங்களிலும் செருகப்பட்டிருக்கும். துணியின் விளிம்புகள் மட்டுமே பசையால் ஒட்டப்படும். அம்பாசடர் போன்ற பழைய மகிழுந்துகளில் இம்முறை இருந்தது. இதில் துணி தொங்கினால், தையல் விட்டிருக்கும் அல்லது விளிம்புப் பசை கழன்றிருக்கும். தையற்காரர் ஒருவரே சரிசெய்துவிடக்கூடிய பழுது இது.

இரண்டாவது, வார்ப்புப் பலகை வகை. இன்றைய மகிழுந்துகளில் பெரும்பாலானவை இவ்வகையின. கண்ணாடியிழை, அழுத்திய நார் அல்லது நுரைப் பலகையைக் கூரையின் வடிவத்திற்கு அச்சில் வார்த்து, அதன்மேல் மெல்லிய நுரை ஒட்டிய பின்னல் துணியைப் பதிப்பர். துணிக்கும் பலகைக்கும் இடையில் உள்ள நுரை சில மில்லிமீட்டர் தடிப்பே கொண்டது. இந்த மெல்லிய நுரைதான் பழுதின் மூலம்.

மூன்றாவது, ஒட்டுப்பலகை வகை. வீட்டூர்திகளிலும் திரைப்படத் துறையினர் கேரவன் என்று அழைக்கும் ஒப்பனை ஊர்திகளிலும் இது காணப்படும். மரம் அல்லது அலுமினியச் சட்டங்களில் மெல்லிய ஒட்டுப்பலகைகளை அறைந்து, அவற்றின்மேல் துணியோ ரெக்சினோ ஒட்டப்படும். கரூரில் கூடு கட்டப்படும் பேருந்துகளில் துணிக்குப் பதிலாக வழுவழுப்பான பலகைகளே மிகுதி. ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோர் ஏறி இறங்கும் ஊர்திக்குத் துணி உகந்ததன்று.

துணி தொங்குவதன் காரணங்கள்

பசை விட்டுவிட்டது என்பதே பொதுவான எண்ணம். பெரும்பாலும் அது தவறு. வார்ப்புப் பலகை வகையில் பசை பலகையோடு நன்றாகவே ஒட்டியிருக்கும். நுரைதான் நடுவில் பொடிந்து போயிருக்கும். துணியின் பின்புறத்தை விரலால் தேய்த்தால் மஞ்சள் அல்லது பழுப்பு நிறப் பொடி உதிர்வதைக் காணலாம்.

இந்நுரை பாலியூரித்தேன் என்னும் பல்லுறுப்பியால் ஆனது. செருமனியின் இலெவர்க்கூசன் நகரில் ஓட்டோ பேயரும் அவருடன் பணியாற்றியோரும் 1937இல் பாலியூரித்தேனை உருவாக்கினர். இதில் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. எசுத்தர் வகை நீராவியால் சிதைவது. ஈதர் வகை நீரைத் தாங்கும், ஆயினும் ஒளியாலும் உயிர்வளியாலும் சிதைவது. வெப்பம் ஏறினால் இரண்டின் சிதைவும் விரைவுபடும். வெயிலில் கண்ணாடிகளை மூடி நிறுத்திய ஊர்தியில் காற்றின் வெப்பநிலை ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 பாகை செல்சியசு வரை உயர்வது இயல்பு. கருநிறக் கூரைத் தகடு 70 பாகையையும் தாண்டும். துணி அத்தகட்டிலிருந்து ஒரு சில சென்டிமீட்டர் தொலைவிலேயே இருக்கின்றது.

ஒட்டுப்பலகை வகையில் முதலில் ஐயுற வேண்டியது நீரையே. வீட்டூர்தியின் கூரை ஒரே தகடு அன்று. காற்றுச் சாளரம், குளிர்பதனப் பெட்டி, சூரிய மின்பலகை, அலைவாங்கி என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டை இருக்கும். அவற்றைச் சுற்றிய அடைப்புப் பசை வெயிலில் வெடித்தபின் மழைநீர் உள்ளே இறங்கும். நீர் சட்டத்தின் வழியே ஓடி வேறோர் இடத்தில் சொட்டுவதால், கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று கொள்ளக்கூடாது. ஈரம் பட்ட ஒட்டுப்பலகையின் அடுக்குகள் பிரிந்து, பலகையே வளைந்து தொங்கும். அந்நிலையில் துணியை மட்டும் மாற்றுவதால் பயன் இல்லை.

கடற்கரை ஊர்களின் நிலை

கடலூரின் கடற்கரைப் பகுதியான தேவனாம்பட்டினம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள வெள்ளிக் கடற்கரைக்கும், தெற்கே சிதம்பரம், பிச்சாவரம் ஆகிய இடங்களுக்கும் சுற்றுலா ஊர்திகள் வருகின்றன. கடற்கரையில் நிழல் அரிது. ஊர்திகள் உச்சி வெயிலில் நிற்கும். சித்திரை, வைகாசியில் வெப்பமும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழையும் மாறி மாறித் தாக்குவதால், நுரையைச் சிதைக்கும் இரண்டு காரணிகளுமே இங்கு ஆண்டுதோறும் கூடுகின்றன. உப்புக் காற்று இவற்றோடு மூன்றாவதாகச் சேர்கின்றது. துணி விளிம்பைப் பிடித்திருக்கும் இரும்பு ஊசிகளும் கவ்விகளும் துருப்பிடித்து உடைவதோடு, துணியில் செந்நிறக் கறையையும் உண்டாக்கும். இங்கு எவர்சில்வர் ஊசிகளையும் திருகாணிகளையும் பயன்படுத்துவதே அறிவுடைமை.

புயலின்போது மழை கிடைமட்டமாக அடிப்பதால், வழக்கமான மழையில் ஒழுகாத கூரைகளும் ஒழுகுவதுண்டு. 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் போன்றவற்றுக்குப் பின்னர், வெளியே நின்ற ஊர்திகளின் கூரை இணைப்புகளை ஆராய்வது இன்றியமையாதது.

இன்னொரு வேறுபாடும் கருதத்தக்கது. வீட்டூர்தி பற்றிய மேலைநாட்டுக் கையேடுகள், குளிர்காலத்தில் உட்காற்றின் ஈரம் குளிர்ந்த கூரையில் நீராகப் படிவதைப் பற்றியே விரிவாகப் பேசும். தமிழகக் கடற்கரையில் நடப்பது இதற்கு நேர்மாறு. உள்ளே குளிர்பதனப் பெட்டி இயங்க, வெளியிலிருந்து புகும் ஈரக்காற்று குளிர்ந்த உட்பலகையின் மேற்புறத்திலும் காற்றுக் குழாய்களின் மீதும் நீராகப் படியும். ஓட்டை எதுவும் இல்லாமலேயே துணி நனைவதற்கு இதுவும் காரணமாகலாம். இதற்கு மருந்து குளிர்காற்றுக் குழாய்களின் மேல் வெப்பக்காப்பு உறை இடுவதே. கூரையில் மேலும் மேலும் அடைப்புப் பசை பூசுவது அன்று.

பழுதுபார்த்தல்: வார்ப்புப் பலகை

தொங்கும் துணிக்கும் பலகைக்கும் இடையே பசையைச் செலுத்தி அமுக்குவதே பலரும் முதலில் செய்வது. பசை பொடிந்த நுரையின்மேல் படிவதால் பிடிப்பு ஏற்படாது; துணியின் மறுபுறம் கறை தெரியும்; சில வாரங்களில் மீண்டும் தொங்கும். குண்டூசி, திருகு ஊசி ஆகியவற்றால் குத்தி வைப்பது சிலகாலத்துக்கு உதவும். முறையான வழி, பலகையைக் கழற்றிப் பழைய நுரையை முற்றாக நீக்குவதே.

வெயில் மறைப்பு, கைப்பிடி, உள்விளக்கு, தூண்களின் உறைகள், கதவு ஓர இரப்பர்ப் பட்டை ஆகியவற்றை எடுத்தபின் பலகை இறங்கும். இருக்கைகளைச் சாய்த்துப் பின்கதவு வழியாக இருவர் சேர்ந்து வெளியே எடுக்க வேண்டும். மடிந்தால் பலகையில் கோடு விழும். எத்தனை நல்ல துணி போட்டாலும் அக்கோடு மறையாது.

துணியை உரித்தபின், மீந்த நுரையை நைலான் தூரிகையால் தேய்த்து நீக்க வேண்டும். கம்பித் தூரிகை பலகையின் இழைகளைக் கிளப்பிவிடும். பொடியும் கண்ணாடியிழைத் துகளும் மூச்சில் ஏறாதிருக்க முகமூடி தேவை. வேலையில் மிகவும் சலிப்பூட்டும் பகுதி இதுவே. குறை வைக்கப்படுவதும் இங்குதான். கைவிரலால் தடவினால் பொடி ஒட்டாத நிலை வரும்வரை தேய்க்க வேண்டும்.

புதுத் துணி நுரை ஒட்டியதாக இருத்தல் வேண்டும். வெறுந்துணியைப் போட்டால் பசை ஊறி வெளியே தெரிவதோடு, பலகையின் மேடுபள்ளமும் தெரியும். ஒவ்வொரு பக்கமும் 5 முதல் 8 செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்வர்.

பசையைத் தேர்வதில் கவனம் வேண்டும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை மரத்துக்குச் சிறந்தது, கூரைக்கு ஆகாது. ஈரத்திலும் வெப்பத்திலும் அது இளகிவிடும். செயற்கை இரப்பர்ப் பசையே ஏற்றது, பெவிகால் எசு.ஆர். 998 போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. இதனைப் பலகை, துணி ஆகிய இரண்டின்மீதும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத நிலைக்கு உலரவிட்டபின் சேர்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது சேர்த்தால் கரைப்பான் உள்ளே சிக்கிக் கொப்புளம் உண்டாகும். மழைநாளில் ஒட்டுதல் கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது பசைப்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் வெண்படலமாகப் படிந்து பிடிப்பைக் கெடுக்கும். கடலூர் போன்ற ஊரில் கார்த்திகை மாதத்தைவிட மாசி, பங்குனி மாதங்கள் இவ்வேலைக்கு நல்லவை.

துணியை இரண்டாக மடித்து, நடுக்கோட்டிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் தடவி ஒட்ட வேண்டும். குழிவான இடங்களில் துணியை இழுத்துப் பிடித்தல் பெரும் பிழை. இழுபட்ட துணி வெயில் ஏறியதும் குழியை விட்டு எழும்பி நிற்கும். ஒரு நாள் விட்டபின்னரே விளக்கு முதலியவற்றுக்கான துளைகளை வெட்டுதல் நன்று.

பழுதுபார்த்தல்: வீட்டூர்தி

வீட்டூர்தியில் கூரைப்பலகையைக் கழற்றுதல் பெரும்பாலும் இயலாது. உற்பத்தியின்போது முதலில் கூரை, பின்னர் அதனை அழுத்தியவாறு சுவர் அலமாரிகள் என்ற வரிசையில் பொருத்துவதால், பலகையின் விளிம்புகள் அலமாரிகளுக்கு மேல் சிக்கியிருக்கும். எனவே எல்லா வேலையையும் அண்ணாந்து நின்றே செய்ய வேண்டியுள்ளது.

முதலில் ஒழுக்கை நிறுத்த வேண்டும். பின்னர் பலகை உலர வேண்டும். ஈரம் போகாமல் மூடினால் பூஞ்சணம் உள்ளேயே வளரும். விரலால் அழுத்தினால் அமுங்கும் பகுதிகளை வெட்டியெடுத்துப் புதிய பலகை வைக்க வேண்டும். பலகை உறுதியாக இருந்து துணி மட்டும் கழன்றிருந்தால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, துணியை உரித்துப் புதிது ஒட்டுதல். மற்றது, துணியை இழுத்து அதன்மேல் குறுக்காக மெல்லிய மர அல்லது அலுமினியப் பட்டைகளை வைத்து, கூரைச் சட்டங்களில் திருகாணியால் இறுக்குதல். தூய்மைவாதிகள் இரண்டாவதை விரும்புவதில்லை. ஆயினும் பசையை நம்பாத முறை என்பதால் வெப்ப நாடுகளில் இதுவே நீடித்து நிற்கின்றது. அண்ணாந்து ஒட்டும்போது துணியின் எடையே பசைக்கு எதிராக இழுத்துக்கொண்டிருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

திருகாணியின் நீளம் பட்டை, பலகை, சட்டத்தின் ஒரு பகுதி ஆகியவற்றின் மொத்தத் தடிப்பை மீறக்கூடாது. மீறினால் வெளித்தகட்டைத் துளைத்து, புதிய ஒழுக்கு ஒன்றை உண்டாக்கும். கூரைப்பலகைக்கு மேல் 12 வோல்ட்டு, 230 வோல்ட்டு மின்கம்பிகள் இரண்டும் செல்லக்கூடும். துளையிடுமுன் அவை செல்லும் வழியை அறிந்து, மின்கலத்தின் இணைப்பையும் வெளி மின்னிணைப்பையும் துண்டிக்க வேண்டும்.

பாதுகாப்பு

இரப்பர்ப் பசையின் கரைப்பான் ஆவி எளிதில் தீப்பற்றுவது. காற்றைவிடக் கனமானதால் தரையில் தேங்கும். சமையல் வளி உருளை உள்ள வீட்டூர்தியில் உருளையை வெளியே எடுத்து, எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்த பின்னரே பசையைத் திறக்க வேண்டும்.

துணியின் எரியும் இயல்பும் கருதத்தக்கது. ஊர்தி உட்புறப் பொருள்கள் பற்றிய அமெரிக்கத் தரம் 302, 1972 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, கிடையாக வைத்த துணியில் தீ நிமிடத்திற்கு 102 மி.மீ.க்கு மேல் பரவக்கூடாது. இந்தியாவில் ஐ.எசு. 15061 இதையொத்த தரம் ஆகும். திரைச்சீலைக்கென விற்கும் துணிகள் இச்சோதனைக்கு உட்பட்டவை அல்ல. விலை குறைவு என்று அவற்றைக் கூரைக்கு வாங்குவோர் இதனை அறிவதில்லை.

பக்கவாட்டுத் திரை வகைக் காற்றுப்பைகள் உள்ள மகிழுந்துகளில், அப்பைகள் உட்கூரைப் பலகையின் ஓரத்துக்கு மேல் மடித்து வைக்கப்பட்டிருக்கும். விபத்தின்போது பலகையின் விளிம்பைக் கீழே தள்ளிக்கொண்டே அவை விரியும். அவ்விளிம்பைத் திருகாணியாலோ கூடுதல் பசையாலோ தூண் உறையோடு இறுக்கிவிட்டால் பை விரியவேண்டிய வழியில் விரியாது. இத்தகைய ஊர்திகளில் பலகையை இறக்குமுன் மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, தயாரிப்பாளரின் கையேடு கூறும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். விளிம்புக் கவ்விகள் உடைந்திருந்தால் அதே வகைக் கவ்விகளையே மீண்டும் இட வேண்டும்.