மண்டகப்படியும் வேகத்தடையும்

அந்த வேகத்தடையை ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டோம். இரண்டு மூட்டை சிமெண்ட், கொஞ்சம் ஜல்லி, மணல், தெருக்கோடியில் இருக்கும் கொத்தனார் அண்ணன். நான் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பங்காக ஐந்நூறு ரூபாயும் கொடுத்திருந்தேன்.

மதுரையில் புதூரைத் தாண்டி, அழகர்கோவில் சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் ஒன்று எங்களுடையது. மாட்டுத்தாவணிக்குக் குறுக்கு வழி என்பதால் காலையிலும் மாலையிலும் வண்டிகள் பறக்கும். இரண்டு வாரத்துக்கு முன்னால் எதிர்வீட்டு அக்காவின் மகனை ஒரு ஷேர் ஆட்டோ தட்டிவிட்டுப் போனது. பையனுக்குக் கால் எலும்பு முறிந்தது. தெருவில் கூட்டம் போட்டோம். "மனு கொடுத்தா ஆறு மாசம் ஆகும். நாமளே போட்ருவோம்" என்றார் ஒருவர். யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

அந்த வாரமே, விடியற்காலை நாலரை மணிக்குப் பெரிய சத்தம் கேட்டு ஓடினோம். அப்பன்திருப்பதிப் பக்கமிருந்து பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றிவந்த ஒருவர் மொபெட்டோடு விழுந்து கிடந்தார். எங்கள் மேட்டில் பெயின்ட் கிடையாது, பலகை கிடையாது. தெருவிளக்கும் அன்றைக்கு எரியவில்லை. ரோடு முழுக்க மொட்டுகள். காறை எலும்பு முறிந்திருந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் கோபப்படவில்லை. "போன வாரம் வந்தப்ப இல்லையேப்பா" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் தெருக்காரர் இல்லை, தெருவில் போகிறவர்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் வேலையில் பாதி நாள் ஒரே சண்டைதான்: நூறு புகார் வந்திருக்கிறது, இந்த வாரம் ஐந்தைத்தான் சரிசெய்ய முடியும், எந்த ஐந்து? ஒரு நகரத்துக்கும் இதே சிக்கல். நூறு தெருக்கள் வேகத்தடை கேட்கும். பணமும் ஆளும் ஐந்துக்குத்தான் இருக்கும். யார் தெரு முதலில்? அந்தப் பூக்காரர் விழுந்த பிறகுதான் இதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

எங்கள் சாலையிலிருந்தே தொடங்கலாம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையடிவாரத்திலிருந்து புறப்பட்டு மதுரைக்கு வரும் சாலை இது. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அழகருக்கு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆகிறது. பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, புதூர் என்று நின்று நின்று வந்து, தல்லாகுளத்தில் தங்கி, சித்ரா பௌர்ணமி விடியலில் ஆற்றில் இறங்குகிறார். போகவும் வரவும் அவர் நிற்கும் மண்டகப்படிகள் இன்று நானூறுக்கும் மேல்.

மண்டகப்படி என்பது சாமியை நிறுத்தும் உரிமை. பல்லக்கு ஒரு மண்டபத்திலோ பந்தலிலோ நிற்கும், தீபாராதனை நடக்கும், அந்தக் குடும்பத்துக்கோ சமூகத்துக்கோ மரியாதை செய்யப்படும். இந்த உரிமை எல்லோருக்கும் வாய்த்துவிடுவதில்லை. பரம்பரையாக வருவதும் உண்டு, பணம் கட்டிப் பதிவதும் உண்டு. யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பது பட்டியல். அந்த வரிசைக்குள் ஊரின் அதிகார வரலாறும் இருக்கிறது. தொ. பரமசிவன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு அழகர் கோயிலை எடுத்துக்கொண்டு, கோயிலுக்கும் சுற்றியிருக்கும் சமூகங்களுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஒரு ஊர்வலம் எங்கே நிற்கிறது என்று கேட்டால், யாருடைய குரல் கேட்கப்பட்டது என்று தெரிந்துவிடும்.

பாதையேகூட அப்படித்தான். முன்பு அழகர் சோழவந்தான் பக்கம் தேனூரில் ஆற்றில் இறங்கினார், திருமலை நாயக்கர்தான் அதை மதுரைக்கு மாற்றி மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார் என்பது மதுரையில் பரவலாகச் சொல்லப்படுவது. வண்டியூரில் இன்றும் ஒரு மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்றே பெயர். பாதை இழந்த ஊருக்கு ஒரு நிறுத்தமாவது மிஞ்சியது.

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்தார். இடிப்பவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். சுவரும் அகழியும் இருந்த இடத்தில் வெளிவீதிகள் வந்தன. வேலையில் இருந்தவர்களின் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. அவர் நினைவாக வைத்த விளக்குத்தூண் இன்னும் நிற்கிறது. எந்தத் தெரு எப்படி இருக்க வேண்டும் என்பதை அரசர் சொன்னார், பிறகு கலெக்டர் சொன்னார். இன்று கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நாம் மனு கொடுக்கிறோம்.

*

வேகத்தடைக்கு நோபல் பரிசு பெற்ற ஒரு மூதாதை உண்டு. 1927இல் இயற்பியல் நோபல் பெற்ற ஆர்தர் காம்ப்டன், பிற்காலத்தில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். வளாகத்துக்குள் கார்கள் தறிகெட்டு ஓடுவதைப் பார்த்து, 1953இல் கணக்குப் போட்டு மேடுகளை வடிவமைத்தார். 1970களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக் கூடத்தில் வாட்ஸ் என்பவர் பல வடிவங்களைச் சோதித்து, அகலமான, வட்டமான மேடு ஒன்றை எடுத்துவைத்தார். மெதுவாகப் போனால் உறுத்தாது, வேகமாகப் போனால் தூக்கிப்போடும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டியில் இருப்பதும் இதே மேடுதான். உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்க ஏற்றது. கறுப்பு வெள்ளைப் பட்டை வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும். இது சிறு சாலைகளுக்கானது என்பதைத் தலைப்பிலேயே சொல்லியிருப்பார்கள். 2018இல் இதைத் திருத்தி விரிவாக்கினார்கள்.

நாங்கள் போட்டதை டேப் வைத்து அளந்தேன். உயரம் 15 செ.மீ., அகலம் முக்கால் மீட்டர். அது வேகத்தடை இல்லை, பொறி.

*

சரியான மேடு எது என்பது பொறியியல் கேள்வி. அதற்கு விடை இருக்கிறது. எந்தத் தெருவில் என்பதற்கு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது.

நெதர்லாந்தில் 1971இல் மட்டும் சுமார் 3,300 பேர் சாலையில் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேல் குழந்தைகள். பள்ளிக்குப் போகும் வழியில் மகளை இழந்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு இயக்கம் பிறந்தது. அதன் பெயரே 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதுதான். பெற்றோர்களும் பிள்ளைகளும் தெருக்களை மறித்து உட்கார்ந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டெல்ஃப்ட் நகரில் தெருவின் நடுவே மரம், பெஞ்ச், வளைவு என்று வைத்து, வண்டி விருந்தாளி, மனிதர்தான் வீட்டுக்காரர் என்னும்படி தெருக்களை மாற்றத் தொடங்கியிருந்தார்கள். 1976இல் அது சட்டமானது. 1990களின் இறுதியில் நாடு முழுக்க சாலைகளை வகை பிரித்து, குடியிருப்புப் பகுதிகளை மொத்தம் மொத்தமாக 30 கி.மீ. வட்டங்களாக மாற்றினார்கள். தனித்தனித் தெருவாக வரிசையில் நிறுத்துவது அங்கே பெருமளவு தேவையற்றதாகிவிட்டது.

அமெரிக்காவின் சியாட்டில் வேறு வழியில் போனது. 1970களிலிருந்து அங்கே தெருச் சந்திப்புகளில் சின்ன வட்டத் திட்டுகள் வைக்கிறார்கள். கேட்பவர்கள் நூற்றுக்கணக்கில், கட்ட முடிவது கொஞ்சம். ஆகவே மதிப்பெண். நடந்த விபத்துகளுக்கு, வண்டிகளின் எண்ணிக்கைக்கு, வேகத்துக்கு என்று தனித்தனிப் புள்ளிகள். வேகத்துக்குச் சராசரியை எடுக்கமாட்டார்கள். நூறு வண்டிகளை மெதுவானதிலிருந்து வரிசைப்படுத்தினால் எண்பத்தைந்தாவது வண்டி என்ன வேகமோ அதுதான் கணக்கு. கூடவே, தெருவில் பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

கேட்டவருக்கெல்லாம் போடுவதைவிட மதிப்பெண் எவ்வளவோ மேல். ஆனாலும் அதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, நடந்த விபத்துக்குப் புள்ளி என்றால் ரத்தம் சிந்தும்வரை காத்திருக்க வேண்டும். எல்லோரும் பயந்து பிள்ளைகளை வெளியே விடாத தெருவில் விபத்தே இருக்காது. காகிதத்தில் அது பாதுகாப்பான தெரு. இரண்டு, மனு எழுத நேரமும் மொழியும் வேண்டும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு இரண்டு ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் கையெழுத்து வாங்க வீடு வீடாக அலைய முடியாது. மண்டகப்படிப் பட்டியலின் சாயல் இங்கேயும் விழுகிறது.

*

நம் ஊரில் என்ன நடக்கிறது? நெடுஞ்சாலைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ உண்டான விபத்துகள் ஐந்து, அல்லது பத்து உயிரிழப்புகள் என்றால் அது 'பிளாக் ஸ்பாட்'. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு கலெக்டர் தலைமையில் கூடி இவற்றைப் பார்க்கிறது. குடியிருப்புத் தெரு இந்தக் கணக்குக்குள் வருவது அபூர்வம். அங்கே சாவு கொத்தாக விழுவதில்லை. ஒரு தெருவில் ஒரு கால், இன்னொரு தெருவில் ஒரு இடுப்பெலும்பு என்று சிதறி விழுகிறது. சிதறி விழுவதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நூறு வார்டுகள் கொண்ட மாநகராட்சியில் மிச்சம் இருப்பது மனு, கவுன்சிலர், அல்லது ராத்திரி பதினோரு மணி சிமெண்ட்.

மதுரைக்கு வேகத்தைக் குறைக்கத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். அவற்றில் சித்திரை வீதிகளில் இன்று வண்டிகள் கிடையாது. சாயங்காலம் அங்கே பிள்ளைகள் ஓடி விளையாடுவதைப் பார்க்கலாம். ஒரு தெருவைப் பாதுகாக்க வேண்டும் என்று முடிவெடுத்தால் இந்த ஊரால் முடியும். சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல் துறை குடியிருப்புத் தெருக்களுக்கெல்லாம் 30 கி.மீ. வரம்பு என்று அறிவித்தது. பலகை மட்டும் வேகத்தைக் குறைக்காதுதான். ஆனால் எல்லாத் தெருவும் என்று சொல்லிவிட்டால், யாரும் வரிசையில் நின்று தன் காயத்தைக் காட்ட வேண்டியதில்லை.

ஏன் 30? மோதலின் கொடுமை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 30இல் போகும் வண்டி 60இல் போனால் ஆற்றல் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு.

*

எங்கள் மேட்டை நாங்களே உடைத்தோம். உடைத்த அன்று அக்கா வெளியே வரவில்லை.

அதன்பிறகு நான் ஒரு வேலை செய்தேன். இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே 30 மீட்டர் அளந்து, செல்போனில் படம் பிடித்தேன். அந்தத் தூரத்தை ஒரு வண்டி 3.6 விநாடியில் கடந்தால் வேகம் 30. 1.8 விநாடி என்றால் 60. எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, மாநகராட்சிப் பள்ளி இருக்கும் தெரு என்று மூன்றிலும் எடுத்தேன். வேகத்துக்கு, வண்டிகளுக்கு, நடைபாதை இல்லாததற்கு, பிள்ளைகள் கடப்பதற்கு என்று புள்ளிகள் வைத்தேன். தெருவில் வசிப்பவர்களோடு கடந்து போகிறவர்களையும் கணக்கில் சேர்த்தேன். பள்ளித் தெரு முதலில் வந்தது. அங்கிருந்து யாரும் மனு கொடுத்ததே இல்லை. எங்கள் தெரு இரண்டாவது.

பேப்பரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பையன் கட்டில் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரி தம்பி. இதுல இவன் காலுக்கு எத்தன மார்க்கு போட்ருக்க?" என்றார். அது ஒரு கட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. விபத்துக்கு ஐந்து புள்ளி வைத்திருந்தேன்.

"அந்தப் பூக்காரருக்கு?"

"அவருக்கும் அஞ்சுதான்க்கா."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. எந்தப் பட்டியல் எழுதினாலும் யாரோ ஒருவரிடம் போய் நீங்கள் இரண்டாவது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அதைச் சொல்பவர் அந்த வீட்டுக்குள் வந்து உட்காருவதில்லை.

மனுவில் பள்ளித் தெருவை முதலாவதாகவும் எங்கள் தெருவை இரண்டாவதாகவும் எழுதினோம். பெயின்ட்டும் பலகையும் தெருவிளக்கும் சேர்த்து, ஐ.ஆர்.சி. அளவில்தான் வேண்டும் என்றும் எழுதினோம். இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா அன்றைக்குப் போடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே பேப்பரைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் பையனுக்கு அடிபட்ட தேதியை எழுதினார். பிறகு என்னிடம், "அந்தப் பூக்காரர் விழுந்தது என்னைக்குப்பா?" என்று கேட்டு, அந்தத் தேதியையும் அதற்குக் கீழே எழுதினார்.