பட்டியலில் இல்லாத மாத்திரை

போதைப் பொருளுக்கு இந்தியாவில் ஒரு பட்டியல் இருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் அதை வைத்துத்தான் வேலை செய்கிறது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த முறை பழக்கமானது: கெட்டதன் பெயரை எழுதி வை, பொருந்தினால் தடு. வேறு பெயரில் வந்தால்? உள்ளே விட்டுவிடும்.

கடந்த சில வருடங்களின் வரலாறு அப்படித்தான். பிள்ளைகள் ஒயிட்னரை முகர்ந்தார்கள். 2012ல் புட்டியில் விற்க மத்திய அரசு தடை போட்டது. ஆனாலும் 2019ல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகம் இருந்த ஒரே வகை முகரும் பொருட்கள்தான்: பெரியவர்களில் 0.58%, 10 முதல் 17 வயதில் 1.17%. 2013ல் தமிழ்நாடு குட்காவைத் தடை செய்தது. வருடாவருடம் நீட்டித்துவந்த அந்தத் தடையை 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2018ல் டிரமடால் என்ற வலி மாத்திரை பட்டியலில் ஏறியது. அதன் பங்காளி டேபென்டடால் அப்போது ஏறவில்லை. அடுத்த சில வருடங்களில் தமிழ்நாட்டில் பையன்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டது அதைத்தான்.

பட்டியல் பொருளைப் பார்க்கிறது. பையனைப் பார்ப்பது யார்?

பட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் அது நர்சம்மா. கிராம சுகாதார செவிலியர் என்பது அரசு வைத்த பெயர். அவன் அம்மா வயிற்றில் இருந்தபோதே பதிவேட்டில் எழுதியவர். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய தடுப்பூசிக்குப் பள்ளிக்கூடத்துக்கே வருகிறவர். ஊசி போடக் கையைப் பிடிக்கும்போது, முழங்கை மடிப்பில் வேறு ஊசித் தடம் இருந்தால் அவர் கண்ணில் பட்டுவிடும்.

2014ல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் எடுத்துக்கொண்ட ஆறு விஷயங்களில் போதைப் பழக்கமும் ஒன்று. ஆனால் பேறுகாலம், தடுப்பூசி என எண்ணிக்கையில் அடங்குகிற வேலைகளுக்கு நடுவே, ஒரு பையனோடு கால்மணி நேரம் பேசியதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பையனுக்கும் பயம். "சொன்னா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவீங்க" என்பான். சட்டமே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அதே 1985 சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வழக்குகளில், தானாகச் சிகிச்சைக்கு வருகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77வது பிரிவு, சிறாருக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுத்தவருக்கு ஏழு வருடம் வரை சிறை என்கிறது. கொடுத்தவன் குற்றவாளி, பிள்ளைக்குத் தேவை வைத்தியம். இதை அவன் நம்புகிற மாதிரி சொல்ல, அவனை முன்பே தெரிந்த ஒருவர் வேண்டும்.

அடுத்த மாத்திரையின் பெயர் பட்டியலுக்குத் தாமதமாகத்தான் வரும். நர்சம்மாவுக்கு அந்தப் பெயர் தேவையில்லை. "ஏன்டா தம்பி, ராத்திரி தூங்குறியா? சாப்புடுறியா? ஏன் நாலு நாளா ஸ்கூலுக்கு வரல?" என்று அவர் கேட்டால் போதும். எந்த மாத்திரையாக இருந்தாலும் அந்தக் கேள்விகள் பொருந்தும்.