உள்ளங்கையளவு திரையில் மக்கள் என்ன பார்க்கிறார்கள்?

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தமது தொடர் போராட்டத்தை 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி ஆரம்பித்தார்கள். அந்தக் கொட்டகைக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்த ஒருநாள், ஒரு அம்மா தனது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பெருப்பிச்சுக் காட்டுங்கோ."

அரை நிமிடம்கூட ஓடாத ஒரு காணொளி. வரிசையில் இருந்தவர்களில் மூன்றாவது ஆள் தன் மகன் என்று அவர் நம்பினார். பெரிதாக்கினேன். முகம் கலைந்து சதுரம் சதுரமாகிப் போனது.

"வேண்டாம், பழையபடி விடுங்கோ" என்றார்.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, கையடக்கச் சாதனங்களில் மக்கள் காணொளி பார்க்க விரும்புவார்களா என்று வகுப்பில் விவாதம் நடந்தது. விரும்பமாட்டார்கள் என்ற பக்கத்தில் நின்று வாதாடியவன் நான். அன்று நான் சொன்ன காரணங்களில் பாதி சரி. முடிவுதான் பிழை.

வென்றவையும் தோற்றவையும்

இந்தக் கேள்வி பழையது. 1982 இல் சொனி நிறுவனம் 'வோச்மன்' என்ற கையடக்கத் தொலைக்காட்சியை வெளியிட்டது. இரண்டு அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை. பலர் வியந்தார்கள். ஆனால் வீட்டுத் தொலைக்காட்சியின் இடத்தை அது பிடிக்கவில்லை.

2005 ஒக்ரோபரில் அப்பிள் நிறுவனம் காணொளி பார்க்கக்கூடிய ஐபொட்டை அறிமுகப்படுத்தியது. திரை இரண்டரை அங்குலம்தான். ஆனாலும் 20 நாட்களுக்குள் பத்து இலட்சம் காணொளிகள் விற்றதாக அந்நிறுவனம் அறிவித்தது.

அதேகாலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி அலைவரிசைகளைக் கைத்தொலைபேசிக்கு நேரடியாக அனுப்பும் திட்டங்களில் பெருமளவு பணம் கொட்டப்பட்டது. அவை நிலைக்கவில்லை. அமெரிக்காவின் 'புளோ ரிவி' 2011 இல் மூடப்பட்டது. 2020 ஏப்ரலில் தொடங்கிய 'குயிபி' 175 கோடி டொலர் முதலீட்டுடன் வந்தது. பத்து நிமிடத்துக்கு உட்பட்ட நிகழ்ச்சிகள், கைத்தொலைபேசிக்கென்றே எடுக்கப்பட்டவை. அதே வருடம் டிசம்பரில் அது மூடப்பட்டது. ஆரம்பத்தில் அதிலிருந்து ஒரு காட்சியைப் படம் பிடித்து நண்பருக்கு அனுப்பக்கூட முடியாது.

யூரியூப்பும் ரிக்ரொக்கும் அதே அளவு திரையில்தான் வென்றன. ஆகவே திரையின் அளவு மட்டும் காரணமல்ல. தனக்கு வேண்டியதை, வேண்டிய நேரத்தில் பார்த்து, இன்னொருவருக்கு அனுப்பவும் முடிந்தால் மக்கள் சிறிய திரையையும் ஏற்றுக்கொள்வார்கள்.

எங்களுடைய கதை

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், காசு சேர்த்து ஜெனரேற்றரும் ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்த்தோம். ஒரு திரைக்கு முன்னால் ஊரே இருந்தது.

தொலைக்காட்சி பார்க்க மின்சாரம் வேண்டும், கூரை வேண்டும், ஓரிடத்தில் இருக்க வேண்டும். இடம்பெயர்ந்து திரிந்தவர்களுக்கு இவை மூன்றும் இருக்கவில்லை. பின்னர் கைக்கு வந்த தொலைபேசியோ, மடியில் கட்டிக்கொண்டு போகக்கூடிய பொருள். வெளிநாட்டில் நடக்கும் பேரப்பிள்ளையின் பிறந்தநாளையும், ஊரில் நடக்கும் செத்தவீட்டையும் இன்று நாங்கள் அதில்தான் பார்க்கிறோம்.

பார்க்க விரும்பாமலே பார்த்தவையும் அதில்தான் வந்தன. 2009 ஓகஸ்ட் 25 ஆம் திகதி பிரித்தானியாவின் சனல் 4, கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட படுகொலைக் காட்சிகளை ஒளிபரப்பியது. இலங்கை அரசாங்கம் அவை போலியானவை என்றது. 2010 ஜனவரியில் ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், மூன்று நிபுணர்களின் ஆய்வுகள் அக்காணொளி உண்மையானது என்பதையே வலுவாகச் சுட்டுவதாக அறிவித்தார். 2011 ஜூன் 14 இல் 'இலங்கையின் கொலைக்களங்கள்' ஆவணப்படம் ஒளிபரப்பானது. அதன் பிறகு, இப்படியான காட்சிகளை நிறுத்தி நிறுத்தி முகம் தேடிய குடும்பங்கள் பல.

வைத்திருப்பவர்கள் கவனிக்க

அக்காலத்துக் கைத்தொலைபேசிகள் பல, 176 க்கு 144 புள்ளிகள் என்ற அளவிலேயே காணொளி எடுத்தன. அதில் இல்லாத விபரத்தைப் பெரிதாக்கிப் பெற முடியாது. வட்ஸ்அப்பில் வழமைபோல அனுப்பும்போது காணொளி மேலும் சுருக்கப்படுகிறது. எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்ற கோப்பின் உட்தகவல்களும் இழக்கப்படலாம். கைமாறக் கைமாற அதன் சாட்சிப் பெறுமதி குறையும்.

உங்களிடம் அப்படியொரு காணொளி இருந்தால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள், இசை சேர்க்காதீர்கள். பழைய தொலைபேசியையும் மெமரி காட்டையும் எறியாதீர்கள். வேறிடத்தில் ஒரு பிரதி வையுங்கள். யார் தந்தது, எப்போது தந்தது என்று எழுதி வையுங்கள். அனுப்பத்தான் வேண்டுமென்றால் ஆவணமாக அனுப்புங்கள். அப்போது கோப்பு சுருக்கப்படாது.

அந்த அம்மாவுக்குக் காணொளியை அனுப்பியவர் யார் என்று கேட்டேன். நினைவில்லை என்றார். யாரோ யாருக்கோ அனுப்பி, பல கை மாறி வந்தது. மூலக் கோப்பு எங்காவது ஒரு மேசை லாச்சிக்குள் கிடக்கக்கூடும். அதில் அந்த மூன்றாவது ஆளின் முகம் இதைவிடத் தெளிவாக இருக்கவும் கூடும்.