மூடிய வெடிப்பு

மாகறலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தஞ்சாவூர்ப் படம் இருந்தது. தவழும் கிருஷ்ணன். என் பாட்டி புகுந்த வீட்டுக்கு வரும்போது கொண்டு வந்தது. பலகை வெடித்து, குழந்தையின் காதிலிருந்து கன்னம் வரை ஒரு கோடு ஓடியிருந்தது. நான்தான் புத்திசாலித்தனமாக அதை ஒரு பட்டறையில் செப்பனிடக் கொடுத்தேன். படம் இல்லாத இரண்டு மாதமும் அம்மா சுவரிலிருந்த வெறும் ஆணிக்கு நேரே விளக்கேற்றிக் கும்பிட்டாள். படம் பளபளவென்று திரும்பி வந்தது. அம்மா ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "யார் வீட்டுப் பிள்ளைடா இது?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் எனக்குப் போலந்து தேசத்துச் சரித்திரத்தில் கிடைத்தது.

அங்கே செஸ்டகோவா என்ற ஊரில், யஸ்னகூரா என்னும் குன்றின்மேல் 1382-ல் ஒரு மடம் ஏற்பட்டது. யஸ்னகூரா என்றால் ஒளிமலை என்று பொருள். 1384-ல் அங்கே ஒரு மாதா படம் வந்து சேர்ந்தது. மரப்பலகையில் தீட்டியது, கறுத்த முகம், கையில் குழந்தை. சுவிசேஷம் எழுதிய லூக்காவே அதை வரைந்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. நம் பரங்கிமலைக் கோயிலிலுள்ள மாதா படத்தைப் பற்றியும் இதே ஐதிகம் உண்டு.

1430-ஆம் வருஷம், ஈஸ்டர் பண்டிகையன்று கொள்ளைக்காரர்கள் மடத்தில் புகுந்தார்கள். படத்தின்மேலிருந்த நகைகளைப் பறித்தார்கள்; முகத்தில் வாளால் கீறினார்கள்; பலகையையும் உடைத்தார்கள். உடைந்த படம் கிராக்கோ நகரத்துக்குப் போயிற்று. யாகெல்லோ மன்னரின் ஆதரவில் ஓவியர்கள் வேலையில் இறங்கினார்கள். பழைய வர்ணத்தின்மேல் புது வர்ணம் நிற்கவில்லையாம், வழிந்து ஓடிவிட்டதாம். கடைசியில் அதே பலகைகளின்மேல் முகத்தைப் புதிதாகவே எழுதினார்கள் என்று சொல்கிறார்கள். 1434-ல் வேலை முடிந்தது. படம் ஒளிமலைக்குத் திரும்பியது.

யோசித்துப் பாருங்கள்: பலகை பழையது, வர்ணம் புதியது. "இது எங்கள் தாய் அல்ல" என்று அந்த ஜனங்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்? ஓவியர்கள் மற்றதையெல்லாம் சீராக்கினார்கள். கன்னத்து வடுக்களை மட்டும் மறைக்கவில்லை. வலக் கன்னத்தில் அந்தக் கீறல்கள் இன்றும் தெரிகின்றன. எங்களுக்கு நேர்ந்தது இவளுக்கும் நேர்ந்தது என்று அந்த வடுவைப் பார்த்தே ஜனங்கள் அவளைத் தெரிந்துகொண்டார்கள்.

காயம்பட்ட தெய்வம் நமக்கும் புதிதல்ல. எங்கள் செய்யாற்றங்கரைக் கோயிலின் தலபுராணமே அதுதான். ராஜா விரட்டிய பொன் உடும்பு புற்றுக்குள் நுழைந்தது. ஆயுதம் பட்டு ரத்தம் வந்தது. அதுவே சுவாமி என்று தெரிந்தது. இன்றைக்கும் லிங்கம் உடும்பு வால் வடிவத்தில்தான் இருக்கிறது. அதை யாரும் சீர்செய்ய நினைத்ததில்லை.

போலந்துக் கதைக்கு ஒரு பின்பகுதியும் உண்டு. 1957-ல் அந்தப் படத்தின் பிரதி ஒன்று ஊர் ஊராக யாத்திரை கிளம்பியது. 1966-ல் கம்யூனிஸ்ட் அரசாங்கம் அதைப் பிடித்து மடத்துக்குள்ளேயே காவலில் வைத்தது. ஜனங்கள் யாத்திரையை நிறுத்தவில்லை. வெறும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்! ஆறு வருஷம் ஊர்கள் அந்த வெற்றுச் சட்டத்தின்முன் மண்டியிட்டன. 1972-ல் பாதிரிமார் சிலர் காவலுக்குத் தெரியாமல் படத்தை வெளியே கொண்டுவந்து மறுபடி யாத்திரையில் சேர்த்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வெறும் ஆணிக்கு விளக்கு வைத்த அம்மாவின் ஞாபகம் வந்தது. இல்லாத படத்தை அவளால் கும்பிட முடிந்தது. திருத்திய படத்தைத்தான் முடியவில்லை. வெடிப்பை மூடச் சொன்னவன் நான். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அவள் தினமும், "வலிக்கிறதாடா கண்ணா?" என்று கேட்பாள்.

புதுப் படத்தையும் அவள் அதே ஆணியில் மாட்டினாள். கடைசிவரை விளக்கும் ஏற்றினாள். ஆனால் அதனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.