வக்கீல் படிப்பும் கடன் பத்திரமும்

நமது கிளையின் கல்வி உதவிக் குழுவுக்கு வரும் மனுக்களைப் படித்துப் பார்ப்பது சில வருஷங்களாக என் பொறுப்பு. முன்பெல்லாம் இன்ஜினியரிங், மருத்துவம் என்றே வரும். இப்போது சட்டப் படிப்புக்கும் வருகிறது. பாங்குக் கடன் போக மீதித் தொகைக்கு உதவி வேண்டும் என்கிறார்கள். நான் பௌதிகம் படித்துவிட்டு மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். சட்டம் படித்தவன் அல்ல. ஆனாலும், வக்கீல் ஆவதற்கு இவ்வளவு பணம் எப்போதிருந்து தேவைப்பட்டது என்று தேடிப் பார்த்தேன். கிடைத்த விவரங்கள் உறுப்பினர்களுக்கும் சுவாரஸ்யமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான டி. முத்துசாமி ஐயர், தஞ்சாவூர் ஜில்லாவில் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் மாசம் ஒரு ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தவர். தெருவிளக்கில் படித்தார் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். அதைவிட முக்கியம், முத்துசாமி நாயக்கர் என்ற தாசில்தார் அவருடைய புத்திசாலித்தனத்தைக் கண்டு சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. 1856-ல் பிளீடர் பரீட்சை தேறினார். பி.எல். பட்டம் வாங்கியது பிற்பாடு, உத்தியோகத்தில் இருந்துகொண்டே. அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைக்கு வேண்டியது ஒரு தர்மிஷ்டர், பாங்கு அல்ல.

கடன் வாங்கிச் சட்டம் படிக்கப் போனவர்களில் மிகப் பிரசித்தமானவர் காந்திஜி. 1888-ல் லண்டன் போக யோசித்தபோது, மூன்று வருஷத்துக்கு நாலைந்தாயிரம் ரூபாய் ஆகும் என்று குடும்ப நண்பர் மாவ்ஜி தவே கணக்குச் சொன்னார். போர்பந்தர் சமஸ்தானத்தின் ஆங்கிலேய அதிகாரி லேலியிடம் உதவி கேட்கப் போனதற்கு, முதலில் பி.ஏ. முடித்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார். மனைவியின் நகைகளை விற்கலாமா என்றுகூட யோசனை. கடைசியில் அண்ணா பணத்துக்கு ஏற்பாடு செய்து, அதை மைத்துனரிடம் கொடுத்து வைத்தார். கடல் கடந்து போகிறார் என்று ஜாதிப் பஞ்சாயத்து காந்திஜியைத் தள்ளி வைத்ததும், அந்த மைத்துனர் பயந்துபோய்ப் பணத்தைத் தர மறுத்துவிட்டார். ஒரு நண்பரிடம் கப்பல் செலவுக்குக் கைமாற்று வாங்கி, அண்ணாவிடம் வசூல் செய்துகொள்ளச் சொல்லித்தான் காந்திஜி கப்பலேறினார்.

1891-ல் பாரிஸ்டராகத் திரும்பினார். (நமது சென்னை சட்டக் கல்லூரி ஏற்பட்டதும் அதே வருஷம்தான்.) பம்பாயில் முதல் வழக்குக்கு ஃபீஸ் 30 ரூபாய். கோர்ட்டில் எழுந்து நின்றவருக்கு நாக்கு எழவில்லை. ஃபீஸைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டார். ராஜ்கோட்டுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்து மாசம் 300 ரூபாய் வரை சம்பாதித்தார். 1893-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 105 பவுன் சம்பளத்துக்கு அழைப்பு வந்தது. அந்தப் பணத்தை அண்ணாவுக்கு அனுப்பிக் குடும்பச் செலவுக்கு உதவலாம் என்ற எண்ணமும் அவர் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம். இதை அவரே சுயசரிதையில் சொல்கிறார். குடும்பம் கொடுத்த பணத்துக்குத் தவணைத் தேதி கிடையாது என்றாலும் அது மனசை அரிக்காமல் விடுவதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை எளிதாயிற்று. 1961-ம் வருஷத்திய வக்கீல்கள் சட்டம், பாரிஸ்டர், வக்கீல், பிளீடர் என்ற படிகளை ஒழித்து எல்லோரையும் ஒரே வகுப்பாக்கியது. 1970-களில் டெல்லியில் என் ஆபீஸ் சகாக்கள் சிலர் ஐந்து மணிக்கு ஃபைலை மூடிவிட்டு, பஸ் பிடித்து, மாலை நேரச் சட்ட வகுப்புக்கு ஓடுவார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்தே ஃபீஸ் கட்டினார்கள். அந்தப் படிப்பின் தரத்தைப் பற்றிப் புகார் உண்டு. அது நியாயமான புகார்தான். ஆனால் படித்து வெளியே வந்தவர் யாரும் கடனாளியாக வரவில்லை.

தரத்தை உயர்த்தவே, 1986-ல் கர்நாடக அரசு இயற்றிய சட்டத்தின்படி பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளி ஏற்பட்டு, 1988-ல் வகுப்புகள் தொடங்கின. முதல் இயக்குநர் என். ஆர். மாதவ மேனன். ஐந்து வருஷம், ஹாஸ்டலில் தங்கிப் படிப்பு. கோர்ட்டுகளுக்கு நல்ல வக்கீல்கள் வேண்டும் என்பது அவரது நோக்கம். மற்ற மாநிலங்களும் அதே வழியில் சட்டப் பல்கலைக்கழகங்களை ஆரம்பித்தன. ஆனால் வருஷாந்தரச் செலவுக்கு அரசு மானியம் போதாமல், பெரும்பகுதி மாணவர் ஃபீஸிலேயே நடக்கவேண்டியதாயிற்று. இன்று அவற்றில் பலவற்றில் ஐந்து வருஷச் செலவு பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. 2008-ல் பார் கவுன்சில் கொண்டு வந்த விதிகள், ஹாஸ்டல் இல்லாத கல்லூரிகளில் வகுப்பு காலை 8 முதல் மாலை 7 மணிக்குள் நடக்கவேண்டும் என்றன. ஆபீஸ் போய்க்கொண்டே படிப்பவருக்கு வழி குறுகிப் போயிற்று.

ஃபீஸ் ஏறிய இடத்தில் பாங்குகள் வந்தன. 1963-லேயே மத்திய அரசின் கடன் ஸ்காலர்ஷிப் உண்டு. ஆனால் இன்றைய முறை 2001-ல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்திலிருந்து வருவது. 2009-ல் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வட்டி மானியம் வந்தது. 2024 நவம்பரில் வித்யாலக்ஷ்மி திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது.

சமீபத்தில் மனு போட்ட ஒரு பெண், கம்பெனி வேலை வேண்டாம், ஜில்லா கோர்ட்டில் வாதாடத்தான் விருப்பம் என்று எழுதியிருந்தாள். காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன். வருஷம் 2 லட்சம் வீதம் ஐந்து வருஷம், 10 சதவீதத் தனி வட்டி. படிப்பு முடிந்து ஒரு வருஷ அவகாசமும் தீரும்போது, 10 லட்சம் 14 லட்சமாகியிருக்கும். அதைப் பதினைந்து வருஷத்தில் அடைக்க மாசத் தவணை சுமார் 15,045 ரூபாய்.

2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், பார் கவுன்சில்கள் பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல் பொதுப் பிரிவினரிடமும் வாங்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பல மாநிலங்களில் அதுவரை பதினைந்தாயிரமும் அதற்கு மேலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சில், ஜூனியர் வக்கீல்களுக்கு மாசம் நகரங்களில் குறைந்தது 20,000 ரூபாயும், கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் கொடுக்கவேண்டும் என்று சீனியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அது சிபாரிசுதான், கட்டாயம் அல்ல.